எந்தத் துறை நல்ல துறை?

கடலைப் பற்றிய பேச்சு மலையில் எதற்கு என்று தலவாக்கலை வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், தேயிலைச் செடிகளுக்கும் மூடுபனிக்கும் நடுவே வாழ்கின்றவர்களுக்கு நங்கூரத்தோடு என்ன தொடர்பு? சற்றே எண்ணிப் பார்த்தால் தொடர்பு நெருங்கியது என்பது விளங்கும். இம்மலையில் மோதும் காற்று கடலைக் கடந்து வந்த காற்றாகும். இங்குப் பறிக்கும் கொழுந்து கப்பலேறி உலகெங்கும் போகின்றது. இங்கு வாழும் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றின் முன்னோர் ஒரு கடலைக் கடந்தே வந்தனர். ஆகவே, இவ்வாரம் மாலுமிகளின் பழைய கேள்வி ஒன்றை எடுத்து ஆராய்வோம்.

கேள்வி இதுதான். யாட் எனப்படும் சிறிய பாய்ப்படகில் ஒரு குடும்பம் கடல் கடந்து வருகின்றது எனக் கொள்வோம். பொழுது சாய்கின்றது. கரையோரம் ஒரு வளைகுடா தெரிகின்றது. அலைதடுப்புச் சுவர் இல்லை. துறைமுக மேடை இல்லை. ஒரு பக்கம் முழுவதும் திறந்த கடல். அங்கே நங்கூரமிட்டு இரவைக் கழிக்கலாமா? அன்றி, களைப்பைப் பாராது கடலிலேயே மேலும் செல்ல வேண்டுமா? விடை பிழைத்தால், இழப்பது ஓர் இரவின் உறக்கம் மட்டுமன்று. படகையும் உயிரையும் இழக்க நேரிடும்.

"அந்த இடம் நல்ல இடமா, கெட்ட இடமா?" என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை. இன்றைய காற்றுக்கு, இன்றைய அலைக்கு, இந்தத் தரையில், இந்தப் படகுக்கு அது ஏற்றதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஜனவரியிற் குளம்போற் கிடக்கும் ஒரு துறை ஜூலையில் கொதிக்கும் உலையாக மாறும். இடம் மாறவில்லை, காற்று மாறியது.

தேயிலையே காட்டும் பஞ்சாங்கம்

இவ்வுண்மையைப் புரிந்துகொள்ள மலைநாட்டாருக்குக் கடற்கரைக்குப் போகும் தேவைகூட இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நம் மலைச்சரிவுகளில் மழையும் காற்றும் ஓய்வதில்லை. அதே வேளையில் மலைத்தொடருக்கு அப்பால், ஊவாப் பகுதியில் பண்டாரவளையும் வெலிமடையும் வரண்ட காற்றில் உலர்ந்து கிடக்கும். மலை காற்றின் ஈரத்தை இப்பக்கமே வாங்கிக்கொள்கின்றது. அப்பக்கம் மறைவில் இருக்கின்றது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை மாறிவிடும். மழை ஊவாவுக்கு, தெளிந்த வானமும் குளிர்ந்த காலையும் நமக்கு.

தேயிலையின் தரமும் இவ்வழியே செல்கின்றது. தலவாக்கலையை உள்ளடக்கிய டிம்புளைப் பகுதியின் மிகச் சிறந்த தேயிலை, வரண்ட மாதங்களாகிய ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கின்றது. ஊவாவின் சிறந்த தேயிலையோ ஜூலை முதல் செப்டெம்பர் வரை. இப்போது இலங்கைப் படத்தை எடுத்துப் பாருங்கள். டிம்புளைத் தேயிலை மணக்கும் மாதங்களிலேதான் காலி, வெலிகமை, மிரிஸ்ஸை, ஹிக்கடுவை ஆகிய தென்மேற்குக் கரையோர இடங்களிற் கடல் அமைந்திருக்கும். ஊவாத் தேயிலை மணக்கும் மாதங்களிலே கிழக்குக் கரையில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதி கொள்ளும். தேயிலையின் பஞ்சாங்கமும் நங்கூரத்தின் பஞ்சாங்கமும் ஒன்றே! காரணமும் ஒன்றே: காற்றுக்கு மறைவான பக்கம் எது என்பதே.

காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், கரையோரத்தில் அலை எழ இடமில்லை. நங்கூரம் பிடி தவறினாலும் படகு திறந்த கடலை நோக்கியே நகரும். நிலைமையைச் சீர்செய்ய நேரம் கிடைக்கும். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசினாலோ, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவு நீர்ப்பரப்பைத் தள்ளிக்கொண்டு வரும் அலை நேரே மோதும். நங்கூரம் நழுவினால் படகு பாறையிலோ மணலிலோ போய் விழும். மாலுமிகள் மிகவும் அஞ்சுவது இந்த இரண்டாம் நிலையையே.

பருவக்காற்றை அறிந்தால் மட்டும் போதாது. பகலில் வெயிலால் தரை சூடேறியதும் கடற்காற்று கரையை நோக்கி எழும். இரவிலே தரைக்காற்று கடலை நோக்கித் திரும்பும். விடியுமுன் தரைக்காற்றிற் பாய் விரித்துச் சென்று, பிற்பகற் கடற்காற்றிலே வீடு திரும்பும் வழக்கத்தை நம் கரையோர மீனவர் பல தலைமுறைகளாக அறிவர். ஆகவே, காலை பத்து மணிக்குக் கண்ட அமைதியை வைத்து மாலை நான்கு மணியை மதிப்பிடுதல் தவறு.

காற்றில்லாத நாளில் வரும் அலை

காற்றே இல்லாத நாளிலும் படகு தொட்டில்போல் ஆடுவதுண்டு. தொலைவில், தென்பெருங்கடலில், எங்கோ அடித்த புயல் எழுப்பிய நீண்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணஞ்செய்து நம் தென்கரையை அடைகின்றது. அதற்கு உள்ளூர்க் காற்றின் துணை வேண்டியதில்லை.

முனை ஒன்றின் பின்னால் ஒதுங்கினால் இந்த அலையினின்று தப்பலாம் எனச் சிலர் எண்ணுவர். முற்றிலும் தப்ப முடியாது. தேயிலை மலையில் நிரை பிடித்துச் செல்லும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். நிரையின் ஒரு முனையில் உள்ளவர்கள் கடினமான சரிவில் அகப்பட்டு மெதுவாகச் சென்றால், மற்ற முனை முன்னேற, நிரை முழுவதும் அப்பக்கம் வளையும். அலையும் அவ்வாறே. ஆழங் குறைந்த இடத்தில் அதன் ஒரு முனை வேகங் குறைய, அலைவரிசை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நுழைகின்றது. ஆகவே, படத்தில் மறைவாகத் தோன்றும் குடாவைக் கண்ணால் ஒருமுறை பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கரையில் நுரை எங்கே வெண்மையாக எழுகின்றது? மீனவர் தம் வள்ளங்களை எப்பக்கம் இழுத்து வைத்திருக்கின்றனர்? மணற்கரையின் சரிவு செங்குத்தாக இருக்கின்றதா? இவை யாவும் அந்த இடத்தின் வழக்கமான குணத்தைச் சொல்லும் சாட்சிகளாகும். அவ்வூர் மீனவரிடம் கேட்டறிவது எல்லாவற்றிலும் மேலானது.

அடித்தரை என்ன சொல்கின்றது?

காற்றும் அலையும் இசைந்தன எனக் கொள்வோம். அடுத்தது நங்கூரத்தின் பிடிமானம். நங்கூரம் தன் பாரத்தினாலேயே படகைப் பிடித்து நிறுத்துகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அதன் பாரம் சிறு பங்கே. ஏர்க்கொழு மண்ணிற் புதைவதுபோல் அதன் அலகு தரையிற் புதைந்து கொள்வதாலேயே படகு நிற்கின்றது. ஆகையால் தரை எத்தகையது என்பது உயிர்நாடியான செய்தி. இறுகிய மணலும் களிமண்ணும் நன்கு பிடிக்கும். மிக இளகிய சேற்றில் நங்கூரம் வெண்ணெயிற் கத்திபோல் வழுக்கும். பாறைமீது மெல்லிய மணல் படிந்திருந்தால், பிடித்ததுபோற் காட்டிப் பின்பு கைவிடும். பவளப்பாறையில் சங்கிலி சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் வளர்ந்த பவளமும் நொறுங்கும். அங்கே நங்கூரமிடாதிருத்தலே அறிவும் அறமுமாகும்.

தரையை அறிய முன்னோர் கையாண்ட முறை எளியது. கயிற்றில் ஓர் ஈயக்குண்டைக் கட்டி, அதன் அடிக்குழியிற் கொழுப்பைத் தடவி நீரில் இறக்குவர். கயிற்றின் நீளம் ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வரும் மணலோ சேறோ தரையைச் சொல்லும். ஒன்றும் ஒட்டாவிடில் பாறை என்று கொள்வர். இன்று ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எனினும், ஆழம் தெரியாமற் காலை விடாதே என்ற முதுமொழி கடலிலேதான் முதலிற் பிறந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

இனி, சங்கிலியை எவ்வளவு விடுவது? நங்கூரத்தைப் படகு கிடையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆதலால் ஆழத்தைப்போல் பல மடங்கு நீளம் வேண்டும். நீரின் ஆழம் 5 மீற்றர், படகின் முன்பக்கம் நீருக்குமேல் 1 மீற்றர் என்போம். கூட்டினால் 6 மீற்றர். சங்கிலியாயின் அமைதியான காலத்தில் இதன் ஐந்து மடங்கு, அதாவது 30 மீற்றர் விடுவது பொதுவான வழக்கம். கயிறு பாரங் குறைந்தது. ஆகவே ஏழு மடங்கு, 42 மீற்றராவது வேண்டும். காற்று வலுத்தால் இன்னும் விடவேண்டும். இலங்கைக் கரைகளில் வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே ஆதலால் கணக்கில் அது பெரிதும் குறுக்கிடுவதில்லை. வற்றுப் பெருக்கு மிகுந்த நாடுகளிலோ உயர்ந்த நீர்மட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. 12 மீற்றர் நீளமுள்ள படகு 30 மீற்றர் சங்கிலியில் நின்றால், காற்றுத் திரும்புந்தோறும் ஏறத்தாழ 42 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் அது சுற்றும். அந்த வட்டத்துக்குள் ஒரு பாறையோ வேறொரு படகோ இருந்தால், மாலையில் எட்டத்தில் இருந்த ஆபத்து நள்ளிரவிற் பக்கத்தில் வந்து நிற்கும். மேலும், காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். "இன்னும் கொஞ்சந்தானே வலுத்தது" என்பவர்கள் இக்கணக்கை மறந்தவர்கள்.

நங்கூரமிட்ட பின்னர் இயந்திரத்தைப் பின்னோக்கி மெல்ல இயக்கி, பிடிமானத்தைச் சோதிப்பர். அதன்பின் கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னால் உள்ள ஒரு வீட்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் குறித்துக்கொள்வர். சிறிது நேரம் கழித்து அக்கோடு விலகி, படகு சுற்றியதனால் அவ்விலகல் நேரவில்லை என்றும் தெரிந்தால், நங்கூரம் நழுவுகின்றது என்பது பொருள். விலை கொடுத்து வாங்க வேண்டாத கருவி இது.

பழைய துறைகள் தந்த பாடம்

நழுவும் நங்கூரம் எவ்வளவு விரைவில் முடிவைத் தேடித்தரும் என்பதற்குக் காலித்துறையே சாட்சி. 'மாலை வெள்ளி' என்று பொருள்படும் பெயர்கொண்ட 'அவொண்ட்ஸ்டெர்' என்னும் ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல், 1659ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவம் வலுத்திருந்த காலத்தில் அங்கு நங்கூரமிட்டிருந்தது. நங்கூரம் நழுவியது, கப்பல் கரைக்கு மிக அருகிலேயே மணலில் மோதி அழிந்தது. அதன் சிதைவுகளை நம் காலத்து அகழ்வாய்வாளர் நீருக்கடியில் ஆராய்ந்தனர். கோட்டையின் கண்முன்னே, நன்கு அறிந்த துறையிலேயே இது நேர்ந்தது. இன்றும் உலகைச் சுற்றிவரும் பாய்ப்படகுகள் காலிக்கு வருகின்றன. ஆயினும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவம் நிலவும் மாதங்களையே தேர்ந்து வருகின்றன.

அக்கரையிற் சென்னையைப் பார்ப்போம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னை வெறுந் திறந்த கடற்றுறையே. கப்பல்கள் கரைக்கு எட்ட நிற்க, அலையைக் கடந்து செல்லும் மசூலாப் படகுகளில் மக்களும் பொருளும் கரையேறுவர். 1746 செப்டெம்பரிற் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, பருவம் திரும்பும் வேளை வந்த பின்னும் தம் கப்பல்களை அத்துறையில் நிறுத்தியிருந்தார். ஒக்டோபரில் எழுந்த புயல் அவர் கப்பல்களிற் பலவற்றை அழித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எதிரியின் பீரங்கி செய்யாததைக் காற்று ஓரிரவிற் செய்து முடித்தது. ஐப்பசி பிறக்கும் வேளையிற் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி, இனி இங்கு நிற்போர் தம் பொறுப்பில் நிற்கட்டும் என அறிவிக்கும் வழக்கமும் பிற்காலத்தில் அங்கு இருந்தது.

1872 மே மாதத்திலும் சென்னைத் துறையிற் புயல் புகுந்தது. நேரத்தோடு நங்கூரத்தை விட்டுக் கடலுக்குள் ஓடாது நின்ற கப்பல்கள் பல கரையில் மோதி நொறுங்கின. புயலிலே கடலுக்குள் போவதா என்று வியக்கலாம். திறந்த துறையிற் புயலை எதிர்கொள்வதைவிட ஆழ்கடலிற் புரண்டு மிதப்பது மேல். அங்கே மோதுவதற்குக் கரை இல்லை. ஆனால் அந்த முடிவைக் காற்று வலுக்குமுன் எடுத்தாக வேண்டும். வலுத்தபின் வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

திறந்த துறைகளின் இத்தொல்லையே திருகோணமலையின் பெருமைக்குக் காரணம். சோழமண்டலக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் ஒதுங்கத்தக்க துறை இல்லை. எக்காற்றுக்கும் மறைவான திருகோணமலையின் உட்துறைமுகத்துக்காக ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டனர். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரேன் அதனைக் கைப்பற்றினார். அதே ஊரின் வெளிப்புறத்தில், வடக்கும் கிழக்கும் திறந்துகிடக்கும் பின்குடாவோ தென்மேற்குப் பருவத்துக்கு மட்டுமே ஏற்றது. ஒரே ஊர், இரண்டு துறைகள், இரண்டு விடைகள்.

கொழும்பும் முன்னர் திறந்த துறையே. அதன் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இற் கட்டி முடித்தனர். அதே 1885இலேதான் மலைநாட்டுப் புகையிரதப் பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. மேலே இருப்புப்பாதையும் கீழே கற்சுவரும் ஒரே ஆண்டில் அமைந்தன. தேயிலைப் பெட்டி தடையின்றிக் கப்பலேற இரண்டும் வேண்டியிருந்தன.

இயற்கைத் துறைமுகம் வாய்க்காத ஊரிலும் பெருமாலுமிகள் தோன்றுவர். வடக்கே வல்வெட்டித்துறை, வாடைக்காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கும் திறந்த கரை. அவ்வூரிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். காற்றையும் கரையையும் நாள்தோறும் மதிப்பிட்டுப் பழகியவர்களுக்கு அக்கடலோட்டமும் கைகூடியது.

ஒரே நாக்கில் இரு கடல்கள்

மலையகத்துக் குடும்பங்கள் மறக்கவியலாத ஒரு துறையும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் வந்தவர் பலர். நாக்குப்போல் நீண்ட அந்த மணற்றிட்டின் ஒருபக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் இராமேசுவரத்தார் வழங்குவர். ஒரு பருவத்தில் ஒன்று அடங்கிக் கிடக்க மற்றது சீறும். பருவம் திரும்பினால் முறையும் திரும்பும். ஆனால் 1964 டிசம்பர் 22ஆந் தேதி இரவு வந்த சூறாவளி இவ்விதிகளுக்கு அடங்கவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பயணிகளோடு புகையிரதமும் கடலுக்கு இரையாயிற்று.

சூறாவளியின் இயல்பு அத்தகையது. அது சுழன்றுகொண்டே நகர்வதால், கடந்து செல்லும்போது காற்றின் திசை மாறிக்கொண்டே போகும். நண்பகலில் மறைவாயிருந்த குடா நள்ளிரவில் திறந்த வாயாகிவிடும். அதற்கு நல்ல துறை எனத் திறந்த கரையில் ஒன்றுமில்லை; முன்னறிவிப்பைக் கேட்டு, வருமுன் விலகுதலே வழி. கீழைக்கடலில் எழும் சூறாவளி கடற்கரையோடு நில்லாது என்பதை நாமும் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்திற் பெரும் மண்சரிவுகளை விளைத்ததை எவர் மறப்பர்?

நன்மாலுமி துறைக்குள் நுழையுமுன்னரே மூன்று செய்திகளைத் தீர்மானித்துக்கொள்கின்றான். எந்த அடையாளம் தோன்றினால் புறப்பட வேண்டும்? எவ்வழியே, இருளிலும், வெளியேறலாம்? வெளியேறினால் எங்கே போய்ச் சேரலாம்? இம்மூன்றுக்கும் விடை இல்லாத இடத்தில், நீர் எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும், அவன் நங்கூரமிடுவதில்லை. பலர் கெடுவது அறியாமையாலன்று. "இன்னும் ஒரு மணி பார்ப்போம்" என்னும் தாமதத்தாலேயே. தேவையின்றிப் புறப்பட்டவன் இழப்பது ஓர் இரவின் உறக்கம். புறப்படத் தவறியவன் இழப்பது மறுநாளை.

சரிவுகளின் கீழே லயங்களில் வாழும் குடும்பங்களும் அதே மூன்று கேள்விகளை வரண்ட நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு என்றால் வெளியேறுக என்பது பொருள். எவ்வழியே, எங்கே என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். போய்ச் சேர ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்பது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று. தோட்ட நிருவாகமும் அரசும் அதற்குப் பொறுப்பாளிகளே. ஒதுங்கத் துறை இல்லாத கரையில் மாலுமியின் திறமை எவ்வளவு தூரம் உதவும்?

மாணவர்கள் ஒரு சிறு வேலை செய்து பார்க்கலாம். அப்பியாசக் கொப்பி ஒன்றில் நாள்தோறும் காலையும் மாலையும் காற்றின் திசையைக் குறியுங்கள். பக்கத்தில் இலங்கைப் படத்தை வைத்து, இன்று எக்கரை மறைவில் இருக்கின்றது, எக்கரை திறந்து நிற்கின்றது என்று எழுதுங்கள். ஓராண்டு முடியும்போது, கடலைக் காணாமலே கடலோடியின் முதற்பாடத்தைக் கற்றிருப்பீர்கள்.